சென்னைக் கோடை: விடிகாலையில் சைக்கிள், சாயங்காலம் கடல்

பள்ளிக்கூடம் லீவு விட்ட மூன்றாம் நாளே எங்கள் வீட்டில் "எங்கேயாவது போலாம்ப்பா" தொடங்கிவிடும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வருடா வருடம் போய்வர எல்லோருக்கும் தோதுப்படாது. ரயில் டிக்கெட் கிடைக்காது, ரூம் வாடகை எகிறியிருக்கும், 2024 மே மாதத்திலிருந்து இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வேறு வந்துவிட்டது. நாங்கள் அந்த யோசனையை விட்டு சில வருடம் ஆகிறது. லீவு முழுக்கச் சென்னையிலேயே இருந்து, வாரத்தில் மூன்று நாள் விடிகாலை சைக்கிள், இரண்டு நாள் சாயங்காலம் கடற்கரை என்று வைத்துக்கொண்டோம். என் பையனும் அக்கா பிள்ளைகள் இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்று பேர், பெரியவர்களில் நானும் அக்காவும். இதில் பழகித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சைக்கிள் பக்கம் சுலபம். கடல் பக்கத்தைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வேன், காரணம் பின்னால் வரும்.

முதலில் நேரம். மே மாதத்தில் இங்கே ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். அதனால் ஐந்தேகாலுக்கு வாசலைத் தாண்டிவிட வேண்டும், எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதானே என்று ஏழு மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் ஒன்பது மணி வெயிலில் முகம் சிவந்து வருவார்கள், அடுத்த நாள் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அத்தோடு சைக்கிள் மறுபடி மாடிப்படிக்கு அடியில் போய்விடும். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. முடிந்ததும் வெயில் இறங்கிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003-ம் வருடம் மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு.

சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாமா வேண்டாமா என்பதைக் கடல்காற்றைப் பார்த்து முடிவு செய்கிறோம். நிலம் சூடாகி அதன் மேலிருக்கும் காற்று எழும்ப எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் அது வந்துவிட்டால் அன்றைய சாயங்காலம் நன்றாக இருக்கும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக அடிக்கிற நாட்களில் கடல்காற்றால் உள்ளே வர முடியாது, இரண்டு மூன்று மணி வரை ஊரே அனலாகக் கிடக்கும், மாலையிலும் மணல் சூடு ஆறியிருக்காது. எங்களுக்கு ஒரு தென்னை மரம் போதும்: மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓலை கடல் பக்கமிருந்து உள்பக்கமாகச் சாய்ந்து ஆடினால் கிளம்பலாம், இல்லாவிட்டால் வீட்டிலேயே நுங்கு.

சைக்கிளைத் தயார் செய்வது

இதற்கென்று புது சைக்கிள் வாங்க ஓடாதீர்கள். எங்களிடம் இருப்பதிலேயே உறுதியான வண்டி, அக்கா மகளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்ததுதான். இதுமாதிரி எத்தனையோ வீட்டில் துணி காயப்போடும் கம்பியாக ஒரு சைக்கிள் நிற்கிறது. அதைத் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டுபோய் ஓவராயில் பண்ணச் சொல்லுங்கள். பிரேக் கட்டை மாற்றுவது, வீல் பெண்ட் எடுப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது இந்த மூன்றும் நடந்ததா என்று நின்று பார்த்துக்கொள்ளுங்கள், மற்றது எப்படியிருந்தாலும் ஓட்டிவிடலாம். வருடக்கணக்கில் ஓடாத வண்டியின் டியூப் வால்வைச் சுற்றி வெடித்திருக்கும். அதற்கு ஒட்டுப்போட்டுக் காசை வீணாக்காமல் டியூபையே மாற்றிவிடுங்கள். கோடையில் சைக்கிளை வெயிலில் நிறுத்தவே கூடாது. காற்று விரிந்து, பழைய ஒட்டின் சொல்யூஷன் இளகி, நின்ற இடத்திலேயே பஞ்சராகும்.

அப்புறம் சீட் உயரம். முழங்கால் வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலபேர் சீட்டை ரொம்பத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறவர்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்துப் பாருங்கள், கால் நேராக நீண்டிருந்தால் சரியான உயரம். புதிதாக ஓட்டும் குழந்தைக்கு மட்டும் இரண்டு பாதமும் தரையில் படுகிற மாதிரி தாழ்த்தி வையுங்கள்.

காற்று, பிரேக், பெல், முன்னால் ஒரு வெள்ளை விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எல்லாவற்றையும் முதல் நாள் ராத்திரியே பார்த்துவிடுங்கள். ஐந்தேகாலுக்கு இருட்டுதான், விளக்கில்லாத சைக்கிளை லாரிக்காரர் பார்க்கவே முடியாது. வெளிர் நிறச் சட்டை, தலைக்கு ஹெல்மெட், கழுத்தில் ஒரு பருத்தித் துண்டு. இந்தத் துண்டு வியர்வை துடைக்க மட்டும் என்று நினைக்காதீர்கள். சென்னையில் மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் லீவு நாட்களில் யாராவது ஒரு மாடியிலிருந்து பட்டம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அறுந்த நூல் ரோட்டின் குறுக்கே கிடந்தால் சைக்கிளில் போகிறவரின் கழுத்தை அறுத்துவிடும்.

எந்த வழியாகப் போவது

ஒரே ஒரு வழி சொல்லச் சொன்னால் நேப்பியர் பாலத்திலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் போகிற வழியைச் சொல்வேன். சுமார் பத்து கிலோமீட்டர்தான், மேடே கிடையாது, இடது கைப்பக்கம் பாதி தூரத்துக்குக் கடல். 2022-ல் செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பாலம் அதுதான், பிள்ளைகளுக்கு அங்கிருந்து கிளம்புவதில் ஒரு சந்தோஷம். காமராஜர் சாலையில் அந்த நேரத்துக்கு நடைப்பயிற்சிக்காரர்களும் பால் வண்டிகளும்தான் இருப்பார்கள். முதல் தடவை கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்த் திரும்பினால் போதும்.

இந்த ரோட்டில் போகும்போது பிள்ளைகளிடம் சொல்ல நிறைய இருக்கிறது. இவ்வளவு அகலமான மணல் முன்பு இங்கே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே அலையோடு நகர்ந்துகொண்டிருந்த மணலை அந்தச் சுவர் தடுத்தது. தடுத்த பக்கம் சேர்ந்து சேர்ந்து மெரினா ஆனது, சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரித்துப்போனது. இன்னும் கொஞ்சம் தெற்கே வந்தால் வட்டமான முகப்போடு ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்துக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம். மே மாதம் ஐந்தரை மணிக்கே வியர்த்துக்கொட்டும்போது அதன் எதிரில் நின்று இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அப்படியே மனதில் நின்றுவிடுகிறது, எங்கள் பையன் அடுத்த நாள் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ்கட்டியை எடுத்து உமி கிடைக்காமல் மரத்தூளில் புதைத்துவைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கலங்கரை விளக்கம் தாண்டி லூப் ரோட்டில் நொச்சிக்குப்பம் வழியாகப் போகலாம். அங்கே மீன் வருகிற நேரம், மக்கள் வேலையாக இருப்பார்கள், பெல் அடித்துக்கொண்டே வேகமாகப் போகாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அவர்கள் இடம் அது. பட்டினப்பாக்கத்துக்கு அப்புறம் திரு.வி.க. பாலம் வரைக்கும் பஸ் ஓடுகிற பெரிய ரோடு, அந்த ஒரு பகுதியில்தான் கவனம் வேண்டும். பாலம் இறங்கி பெசன்ட் அவென்யூவுக்குள் திரும்பிவிட்டால் இரண்டு பக்கமும் மரம், நிழல், குளிர்ச்சி.

வரிசை முக்கியம். பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், நடுவில் பிள்ளைகள். ஒரே ஒரு பெரியவர்தான் என்றால் அவர் கடைசியில் வர வேண்டும், பிள்ளைகளில் நிதானமாக ஓட்டுகிறவர் முன்னால். நிறுத்தி வைத்திருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அளவு தள்ளியே ஓட்டப் பழக்குங்கள், கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கத்தான் தோன்றும், அது இன்னும் துரத்தும். நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கிற மாதிரி தள்ளிக்கொண்டு நடந்தால் அதுவே விட்டுவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் குழுவாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே வண்டிகள் வருகிற வேகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வராது.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக: கிளம்பும் முன் ஒரு டம்ளர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு மூன்று வாய், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர், அல்லது ராத்திரி ஊறவைத்த பழைய சோறும் சின்ன வெங்காயமும். எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு பிடி சாதம் கூடுதலாக வடிக்கிறார்கள். யாருக்காவது தலை சுற்றினால், வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே நிழல், ஈரத் துணி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்த கரைசல். பேச்சு குழறினால், வெயிலில் உடம்பு நெருப்பாகக் கொதித்தால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

கடலுக்குப் போகும்போது

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்காதவர் குறைவு. அது ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச்சின்னம். 1930-ம் வருடக் கடைசியில் இந்தக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் அவர் இறந்துபோனார். அடுத்தவரைக் காப்பாற்றப் போனவரையே இழுத்துக்கொண்ட கடல் இது. எங்கள் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் முதல் நாள் அந்த வளைவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இதைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர்ப் பக்கம் விடுகிறோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், அக்கா மகன் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். பத்தடி தள்ளி நான் நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலடி மணல் சரிந்து அவன் இடுப்பளவு, அப்புறம் கழுத்தளவு ஆழத்துக்குப் போய்விட்டான், நான் ஓடிப் பிடிப்பதற்குள் இருபது அடி உள்ளே. கட்டுமரத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்த ஒரு அண்ணன்தான் நேராக அவனை நோக்கிப் போகாமல், பக்கவாட்டில் ஓடி, சுற்றி நீந்திப்போய்ப் பிடித்து வந்தார். என் கையைப் பிடித்து அவர் ஒன்றுதான் சொன்னார், "அலை இல்லாத இடமா பாத்து நிக்க வெச்சிருக்கியே தம்பி, அதாம்ப்பா இழுக்கிற இடம்."

அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கரையில் மோதிய தண்ணீர் எல்லாம் மறுபடி கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணலுக்கடியில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வாய்க்கால் வழியாக அது மொத்தமாக வேகமாக வெளியே ஓடும். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் ஒரு சந்து அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக, நுரையும் குப்பையும் கடலுக்குள்ளே மிதந்து போகிற மாதிரித் தெரிந்தால் அதுதான் இழுக்கும் இடம். நமக்குப் பார்த்தால் குழந்தையை இறக்க அதுவே நல்ல இடமாகத் தெரியும். அதனால் கடற்கரைக்குப் போனதும் பத்து நிமிடம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து தண்ணீரைப் பாருங்கள். பக்கத்தில் மீனவர் யாராவது இருந்தால் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை அவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வந்தால் வன்னி. உங்கள் பொருட்களை வைத்த இடத்திலிருந்து பிள்ளைகள் தாமாகவே வடக்கே நகர்ந்துகொண்டே போகிறார்கள் என்றால் தெண்டி பலமாக இருக்கிறது என்று அர்த்தம், அவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்து முதலில் நின்ற இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கரையிலேயே, மணலில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுங்கள். கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தினால் தெம்பு தீர்ந்துவிடும், மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் மூழ்குகிறார்கள். அந்த இழுப்பு ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் தள்ளும். மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்திக் கத்த வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அலை உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு கரைக்கு வர வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போன செய்தியை எல்லா வருடமும் படிக்கிறோம். கயிறு, காலி கேன், லாரி டியூப், மூடி இறுக்கிய பெரிய தண்ணீர் பாட்டில் எது மிதக்குமோ அதை எறியுங்கள். கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554, இரண்டையும் போனில் இப்போதே சேமித்து வையுங்கள்.

மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை. அங்கே கரை திடீரென்று சரிகிறது, முழங்காலுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று எட்டுதான். அங்கே கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீராட வேண்டும் என்றால் உயிர்காப்பாளர்கள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்கு உலக அளவில் தருகிற நீலக்கொடிச் சான்றை 2021-ல் வாங்கிய கோவளம் அப்படி ஒரு இடம். அலைச்சறுக்கு கற்றுத்தருகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள், கற்றுக்கொடுப்பவர்களில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய, கடலை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைச் சேர்த்தே சொல்லித்தருவார்கள்.

லீவில் தென் மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழை, புயல் எதுவும் இல்லாமல் வானம் தெளிவாக இருக்கும்போதே, தூரத்துத் தென்கடலில் கிளம்பிய நீண்ட அலைகள் வந்து கரையில் திடீரென்று ஏறும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் போனார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள், எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கோயிலுக்கோ அருவிக்கோ போய்க்கொள்ளலாம்.

சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், உடம்பில் பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுங்கள். மூச்சுத் திணறினால் நேராக ஆஸ்பத்திரி.

தண்ணீருக்குள் இறங்காமலே கடற்கரையில் ஒரு முழு மாலை கழியும், இதை யாரும் சொல்வதில்லை. ஏப்ரலில் வனத்துறையின் ஆமைக்குஞ்சுப் பொரிப்பகங்களில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைச் சூரியன் மறைகிற நேரத்தில் கடலில் விடுவார்கள். முட்டையிட்டு ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சு பொரிக்கும், மே முதல் பாதியிலும் சில நாள் பார்க்கக் கிடைக்கும். உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு, அலை அடித்துப் புரட்டிப்போட, மறுபடி எழுந்து நடக்கும். தொடக் கூடாது, போன் வெளிச்சம் அடிக்கவே கூடாது, வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து அது திரும்பி ரோட்டுப் பக்கம் வந்துவிடும். எங்கள் வீட்டின் கடைக்குட்டி அன்றைக்குச் சுண்டல்கூடக் கேட்கவில்லை.

சைக்கிள் தெரியாதவர் வீட்டில் இருந்தால் இந்த லீவிலேயே முடித்துவிடலாம். நாமெல்லாம் பெரிய சைக்கிளின் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டு, முட்டி உரிந்து பழகினோம். அதைவிட நல்ல வழி இருக்கிறது. சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, பள்ளி மைதானத்தில் காலால் உந்தி உந்தி ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பேலன்ஸ் வந்துவிடும், அப்புறம் பெடலை மாட்டினால் அரை மணி நேரம்தான். அக்கா இப்படித்தான் 43 வயதில் கற்றுக்கொண்டாள். முதலில் வெட்கப்பட்டாள், யாராவது பார்ப்பார்களே என்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். நாலாம் நாள் அவளாகவே ஐந்து மணிக்கு எழுப்பினாள்.

கடைசியாக ஒரு வேலை, இதைத் தள்ளிப்போட்டால் ஜூனில் வண்டி ஓடாது. கடற்கரைக்குப் போய்வந்த அன்றே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பைப்பைப் பீய்ச்சி அடிக்காமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும். உப்புக்காற்றும் மணலும் செயினையும் ஸ்போக்ஸ் கம்பியையும் ஒரே மாதத்தில் துரு ஏற்றிவிடும். நிழலில் காயவிட்டு, செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மிச்ச எண்ணெயைப் பழைய துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை போகும்போது மணல் முழுக்க அதில்தான் வந்து ஒட்டும்.